200 பசுவுக்கு எத்தனை காளை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊரில் சுமார் 200 காங்கேயம் பசுக்கள் உள்ளன. பொலிகாளை ஒன்றுதான், ஆனால் நல்ல திமில், நல்ல கொம்பு. இனம் காக்க இது போதாதா? (வாசகர், தாராபுரம்)

பதில்: போதாது. இங்கே பசு எத்தனை என்பதைவிடக் காளை எத்தனை என்பதுதான் கணக்கு. காளை எண்ணிக்கையைப் பசு எண்ணிக்கையால் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பாருங்கள். 1 காளை, 200 பசு என்றால் விடை 4 கூட வராது. 2 காளையும் 2 பசுவும் மட்டுமே உள்ள மந்தைக்கு இருக்கும் மரபுவளம்தான் உங்கள் 200 பசுவுக்கும் என்று பொருள். நெருங்கிய உறவுக்குள் சேரும் அளவு (உள்ளினச் சேர்க்கை) தலைமுறைக்கு 12 சதவீதத்துக்கு மேல் ஏறும். 4 காளை விட்டால் சுமார் 3 சதவீதம். 15 காளை இருந்தால் 1 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்; ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு வைத்திருக்கும் வரம்பும் அந்த 1 சதவீதம்தான்.

15 காளைக்கு யார் தீனி போடுவது? ஒரே ஊர் சுமக்க வேண்டாம். ஏழெட்டு ஊர்கள் சேர்ந்து ஊருக்கு இரண்டு வைத்து, மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு காளை ஓர் ஊரில் மூன்று ஆண்டுக்கு மேல் நிற்கக் கூடாது. அதற்குள் அதன் முதல் கிடேரிகள் பருவத்துக்கு வரத் தொடங்கிவிடும். தகப்பனோடு மகள் சேர்ந்து பிறக்கும் கன்றில் உள்ளினச் சேர்க்கை ஒரே அடியாக 25 சதவீதம். மாற்றுவதும் ஒரே திசையில் நடக்கட்டும்: முதல் ஊர்க் காளை இரண்டாம் ஊருக்கு, இரண்டாம் ஊர்க் காளை மூன்றாம் ஊருக்கு. மனம்போல மாற்றினால் நாலைந்து கை மாறி அது மகள்களிடமே திரும்பி வந்து நிற்கும். ஊர் மாற்றுமுன் கன்றுவீச்சு நோய்க்கு ரத்தப் பரிசோதனை கட்டாயம்.

பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ரேக்ளாவில் பேர் வாங்கிய ஒரு காளையின் மகன்களாகவே நாலு ஊரும் வாங்கும். பார்த்தால் நாலு காளை, ரத்தமோ ஒன்று. எனவே காது வில்லையின் 12 இலக்க எண், தாய், தகப்பன், ஈன்ற தேதி என்று நாலு கட்டம் போட்ட ஒரு நோட்டு ஊருக்கு ஒன்று வேண்டும். அந்த நோட்டு இல்லாத இடத்தில் திமிலையும் கொம்பையும் பார்த்துத் தேர்வு செய்வதில் பயனில்லை.

கேள்வி: காங்கேயம் பசு ஈன்ற கன்று செம்பழுப்பாக இருக்கிறது. கலப்பா?

பதில்: இல்லை. காங்கேயம் கன்று அந்த நிறத்தில்தான் பிறக்கும். ஆறு மாதம் வாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறும். உம்பளச்சேரி இனமும் அப்படியே, அதற்கு முகத்திலும் காலிலும் வெள்ளைக் குறி கூடுதலாக இருக்கும். வளர்ந்த காளைக்குத் திமிலும் முன், பின் சப்பைகளும் கருக்கும். காயடித்தால் அந்தக் கருமை வெளுத்துவிடும்.

கேள்வி: நாட்டு இன உறைவிந்து ஊசி போட்டும் சினை நிற்பதில்லை. விந்து சரியில்லையா?

பதில்: அநேகமாகக் கையாண்ட விதம் சரியில்லை. திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் விந்துக் குச்சியைக் கொள்கலனின் கழுத்துக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு காளையின் எண்ணைத் தேடினால், சில நொடிகளில் உள்ளே பனித்துகள் பெருத்து உயிரணுவின் சவ்வைக் கிழித்துவிடும். மறுபடி உள்ளே முக்கினாலும் போனது போனதுதான். சரியான முறையில், குச்சியை இடுக்கியால் எடுத்து 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி வைத்து, ஈரம் போகத் துடைத்து, கால் மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். நைட்ரஜன் அளவைப் பார்க்க மரக்குச்சியை அடிவரை விட்டு 10 விநாடி கழித்து எடுங்கள். வெள்ளையாகப் பனி படிந்த நீளம்தான் உள்ளே உள்ள அளவு. மாடு காலையில் பருவத்துக்கு வந்தால் மாலையிலும், மாலையில் வந்தால் மறுநாள் காலையிலும் ஊசி.

கேள்வி: கரும்பில் இடைக்கணுப்புழுவுக்கு டிரைக்கோகிரம்மா அட்டை கட்டினேன். ஒரு பலனும் இல்லை. ஏமாற்று வேலையா? (வாசகர், கள்ளக்குறிச்சி)

பதில்: எப்போது கட்டினீர்கள் என்று எழுதவில்லையே. டிரைக்கோகிரம்மா ஒரு சிறு குளவி; அது உள்ளே வளரும் முட்டைகளை ஒட்டியதுதான் அந்த அட்டை. கரும்புக்குள் புகுந்துவிட்ட புழுவை இந்தக் குளவி தொடாது. அது முட்டை ஒட்டுண்ணி, அதாவது பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இடுவது. தண்டில் துளையைப் பார்த்தபின் கட்டுவது காலம் கடந்த செயல். கணு விடத் தொடங்கும் நாலாம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் ஹெக்டேருக்கு 2.5 சி.சி., அதாவது ஏக்கருக்கு 1 சி.சி. ஒரு சி.சி.யில் 18,000 முதல் 20,000 முட்டை வரை இருக்கும்.

அந்த 1 சி.சி.யை ஒரே இடத்தில் கட்டிவிட்டுப் போகிறார்கள். குளவி அரை மில்லிமீட்டர்தான். பத்து மீட்டர் தாண்டினாலே அதிகம். துண்டுகளாக நறுக்கி, பத்து மீட்டருக்கு ஒன்றாக ஏக்கரில் 40 இடத்தில் சோகையின் அடிப்பக்கம், நடு நரம்பை ஒட்டிப் பின் அடியுங்கள். மாலையில் செய்வது நல்லது. வெயில் பட்டால் குளவி உள்ளேயே வெந்துவிடும். எறும்பு ஏறினால் ஒரே இரவில் அட்டை காலி.

வாங்கும்போது உருப்பெருக்கியில் பாருங்கள். முட்டை கருப்பாக இருந்தால் ஒட்டுண்ணி உள்ளே உண்டு. வெள்ளையாகவோ சுருங்கியோ இருந்தால் வெறும் முட்டை. கருப்பிலேயே வட்டத் துளை தெரிந்தால் குளவி ஏற்கெனவே பறந்துவிட்டது. கட்டுவதற்கு ஒரு வாரம் முன்பும் பின்பும் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது. எதிரில் உள்ள தோட்டக்காரர் அடித்தாலும் கெடுதல்தான், அவரிடமும் சொல்லி வையுங்கள்.

கேள்வி: மகளிர் குழுவாக அட்டை தயாரிக்கிறோம். சில மாதங்களாகக் குளவிக்கு வலு இல்லை. ஆணே அதிகமாக வருகிறது.

பதில்: முதலில் ஆண் பிரச்சினை. கருவுறாத முட்டையிலிருந்து ஆணும் கருவுற்ற முட்டையிலிருந்து பெண்ணும் வரும் பூச்சி இது. ஒரு குழாயில் தாய்க் குளவி அதிகமாகவும் கார்சைரா (அரிசி அந்துப்பூச்சி) முட்டை குறைவாகவும் இருந்தால் ஆண் பெருகும். 1 சி.சி. தாய் அட்டைக்கு 6 சி.சி. புது முட்டை என்ற கணக்கை விடாதீர்கள். கார்சைரா முட்டையை 15 வாட் புறஊதா விளக்கில் 15–20 நிமிடம் வைத்துக் கருவைக் கொன்றீர்களா என்றும் பாருங்கள். தப்பிய ஒரு புழு வெளியே வந்தால் பக்கத்து முட்டைகளைத் தின்றுகொண்டே போகும்.

வலு இல்லாததற்குக் காரணம் வேறு. குழாய்க்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக வளர்ந்தால், பறக்கவும் தேடவும் தெரியாத குளவிகளும் தப்பிப் பிழைத்துப் பெருகும். சிறு தொகையிலிருந்தே பெருக்கினால் மரபு குறுகும் என்பதில் மாட்டுக்கும் குளவிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மருந்தடிக்காத கரும்புத் தோட்டத்தில் புது கார்சைரா முட்டை அட்டைகளை ஓரிரு நாள் கட்டி, திரும்ப எடுத்துத் தனித்தனிக் குழாயில் வையுங்கள். கருத்த முட்டையிலிருந்து வரும் குளவி டிரைக்கோகிரம்மா சிலோனிஸ்தானா என்று அடையாளம் கண்டபின் தாய்வளர்ப்பில் கலக்கலாம். அதைக் கண்ணால் சொல்ல முடியாது. பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள மையம் போன்ற இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

கேள்வி: மரவள்ளி மாவுப்பூச்சிக்கு மருந்தடிக்கலாமா?

பதில்: நுனியில் பழுப்பாக உப்பி இறுகிய மாவுப்பூச்சி தென்பட்டால் அடிக்காதீர்கள். அதற்குள் அனாகைரஸ் லோபெசி குளவி இருக்கிறது. 1981இல் பராகுவேயிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கே மரவள்ளியைக் காப்பாற்றியது இதுதான். 2020இல் இந்த மாவுப்பூச்சி கேரளத்தில் தென்பட்டபின் குளவியைப் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்டார்கள். மருந்தடித்தால் முதலில் சாவது குளவிதான்.

கேள்வி: மாட்டுக்கு ஐவர்மெக்டின் ஊசி போட்டபின் சாணத்தில் வண்டே இல்லை. ஏன்?

பதில்: மருந்து சாணத்தோடு வெளியேறி, வண்டின் புழுக்களைக் கொல்கிறது. சாணப் பரிசோதனையில் குடற்புழு இருந்தால் மட்டும் மருந்து கொடுங்கள். கால்நடை மருத்துவரிடம் ஃபென்பென்டசோல் போதுமா என்று கேளுங்கள், அது வண்டுக்கு அவ்வளவு கேடு செய்யாது. உண்ணிக்காக ஐவர்மெக்டினே தேவைப்பட்டால், ஊசி போட்ட மாட்டைக் குறைந்தது இரண்டு வாரம் மேய்ச்சலுக்கு விடாமல் கட்டி வைத்து, அதன் சாணத்தைத் தனிக் குழியில் போடுங்கள்.