டச்சு மேனுவலுக்கு யாரைப் பிடிப்பது?

கோவை கணபதியில் பம்ப் பட்டறை நடத்தும் ஒரு வாசகர் கேட்கிறார்: "நெதர்லாந்திலிருந்து முதல் ஆர்டர் வந்திருக்குங்க. மேனுவல் டச்சு மொழியிலும் வேணுமாம். அடுத்த மாசம் பட்டறையைப் பார்க்க ஆட்கள் வர்றாங்க. டச்சு, இங்கிலீஷ் ரெண்டும் தெரிஞ்சு பேச ஒருத்தரை வெக்கணுமா? நல்ல ஆளுங்களை எங்கே தேடுறது?"

பேசுவதற்கு ஆள் தேடி அலையாதீர்கள். டச்சுக்காரர்களில் பெரும்பாலோர், அதிலும் வெளிநாட்டில் சரக்கு எடுக்கிறவர்கள், நன்றாகவே ஆங்கிலம் பேசுவார்கள். உங்களுக்கு ஆங்கிலம் தடுமாறும் என்றால், பம்ப் வேலையும் தெரிந்து ஆங்கிலமும் சரளமாக வரும் ஒரு இன்ஜினியரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், போதும். நாளைக்கு அங்கேயே கம்பெனி பதிய நோட்டரி முன் உட்காரும்போதோ, வழக்கு, கோர்ட் என்று ஆகும்போதோதான் டச்சு இன்டர்பிரட்டர் தேவைப்படலாம்.

அந்தப் பணத்தையும் மேனுவலில் போடுங்கள். இயந்திரம் எந்த நாட்டில் விற்பனைக்குப் போகிறதோ அந்த நாட்டு ஆட்சிமொழியில் கையேடு இருக்க வேண்டும் என்பது ஐரோப்பாவின் 2006/42 மெஷினரி டைரக்டிவ் விதி, கூடவே போகும் டிக்ளரேஷன் ஆஃப் கன்ஃபார்மிட்டிக்கும் (இயந்திரம் விதிப்படி இருக்கிறது என்று தயாரிப்பாளர் தரும் உறுதிமொழிக் காகிதம்) அதேதான். 2027 ஜனவரி 20 முதல் அதற்குப் பதிலாக 2023/1230 ரெகுலேஷன் வருகிறது, அதிலும் மொழிக் கட்டாயம் உண்டு. ஆக, இது வாங்குபவர் கேட்கும் சலுகை இல்லை, சட்டம்.

சரி, யாரைத் தேடுவது? டச்சு தாய்மொழியாக இருக்க வேண்டும், மெக்கானிக்கல் மேனுவல் செய்த அனுபவமும் இருக்க வேண்டும், இரண்டில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். நெதர்லாந்து மொழிபெயர்ப்பாளர் சங்கமான என்ஜிடிவி, பிரிட்டனின் மொழிபெயர்ப்பாளர் சங்கமான ஐடிஐ இரண்டின் இணையதளத்திலும் மொழி, துறை வைத்துத் தேடலாம். சத்தியப் பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பாளர்களுக்கென்று நெதர்லாந்து அரசுப் பதிவேடு ஒன்றும் உண்டு, ஆனால் அந்த முத்திரை பிறப்புச் சான்றிதழ், கோர்ட் காகிதம் போன்றவற்றுக்குத்தான் வேண்டும், மேனுவலுக்கு அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். ஏஜென்சி மூலம் போனால் மொழிபெயர்ப்புக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 17100 படி செய்வார்களா என்று கேளுங்கள், அதில் ஒருவர் மொழிபெயர்த்ததை இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

முழு மேனுவலையும் கொடுப்பதற்கு முன்னால் ஒரு பக்கம் கொடுத்துப் பாருங்கள், காசு கொடுத்தே செய்யச் சொல்லுங்கள். முன்னுரைப் பக்கம் வேண்டாம், மெக்கானிக்கல் சீல் மாற்றும் பக்கத்தைக் கொடுங்கள், தண்ணீர் இல்லாமல் ஓட்டக்கூடாது என்ற எச்சரிக்கையும் அதில் இருக்கட்டும். நல்ல ஆள் என்றால் திருப்பிக் கேள்வி கேட்பார், "இந்த டார்க் (முறுக்கு அளவு) எந்த போல்ட்டுக்கு? படத்தில் 7 என்று இருக்கிறது, எழுத்தில் 9 என்று இருக்கிறதே?" என்று. ஒன்றும் கேட்காமல் மறுநாளே பளபளவென்று அனுப்பினால் எனக்குச் சந்தேகம்தான் வரும், ஏனென்றால் நம் பக்கத்து ஆங்கில மேனுவல் பலதும் பழைய மாடலிலிருந்து வெட்டி ஒட்டியது. அதனால் ஆங்கிலத்தை முதலில் சரி பண்ணுங்கள், ஒரே பாகத்துக்கு மூன்று பெயர் இருந்தால் ஒன்றாக்குங்கள், வெட்டுத்தோற்றப் படத்தையும் கூடவே அனுப்புங்கள்.

டச்சு வந்ததும் அதை உங்கள் இறக்குமதியாளரின் சர்வீஸ் ஆளுக்கு ஒருமுறை காட்டிவிடுங்கள். அப்புறம், பிடிஎஃப் மட்டும் வாங்கிக்கொண்டு விட்டுவிடாதீர்கள், டிரான்ஸ்லேஷன் மெமரி ஃபைலையும் (ஆங்கில வரியும் அதன் டச்சு வரியும் ஜோடி ஜோடியாகச் சேமித்த கோப்பு) தர வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள், அடுத்த மாடல் மேனுவலுக்குப் பெரும்பாலும் மாறிய வரிகளுக்குத்தான் முழுப் பணம் கொடுக்க வேண்டியிருக்கும்.