கிளீவ்லேண்டுக்குக் கிளம்புற காவேரிப்பட்டினத்துத் தம்பிக்கு

தம்பி, நீ கேட்டிருந்ததைப் பாத்து ரெண்டு நாளாச்சு, அவசரமா ரெண்டு வரி எழுதி அனுப்ப மனசு வரல, அதான் லேட்டு. நான் பாலக்கோடு. 2005ல கல்யாணமாகி அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலத்துல இருக்கற கிளீவ்லேண்ட் போனவ, இப்ப அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்னு ஒரு மாச லீவுல வந்திருக்கேன், அதனால உன் ஊருக்குப் பக்கத்துல உக்காந்துதான் இதை எழுதறேன். நீ எழுதுனதுல, ஓசூர்ல சிஎன்சி மெஷின்ல இருந்தேன், இப்ப கம்பெனி கிளீவ்லேண்டுக்கு அனுப்புது, சம்சாரமும் ஒன்னரை வயசுப் பாப்பாவும் கூட வர்றாங்க, அது செத்துப்போன ஊருன்னு எல்லாரும் சொல்றாங்க, சிட்டிக்குள்ள வீடு எடுக்கலாமா, அப்பா பம்பைக்காரர் எனக்கும் கொஞ்சம் அடிக்க வரும் அதுக்கெல்லாம் அங்க எடம் இருக்கான்னு கேட்டிருக்க.

ஊரு நொடிஞ்சது நெசம்தான், மறைக்கல. 1950ல 9 லட்சத்துக்கு மேல ஜனம் இருந்த ஊரு, 2020 கணக்கெடுப்புல 3,72,624 பேரு. இரும்பு, கார் பார்ட்ஸ், போல்ட்டு நட்டு, பெயிண்ட்டுன்னு எல்லாம் அங்க செஞ்சாங்க, ஓசூர் சிப்காட் மாதிரி பல மடங்குன்னு வெச்சுக்கோ, ஒன்னொன்னா மூடிக்கிட்டே வந்துச்சு. 1978 டிசம்பர்ல நகராட்சியே பேங்க் கடனைத் திருப்பிக் கட்ட முடியாம நின்னுடுச்சு, 1930கள்ல வந்த பெரிய பொருளாதார மந்தத்துக்கு அப்புறம் அமெரிக்காவுல ஒரு பெரிய நகரம் அப்படி நின்னது அதுதான் மொத தடவை. நான் போயி ரெண்டு மூனு வருஷத்துல வீட்டுக்கடன் பிரச்சினை வந்துச்சு, கடன் கட்ட முடியாதவங்க வீடெல்லாம் காலியாச்சு, ஸ்லாவிக் வில்லேஜ்னு ஒரு ஏரியா, வரிசையா வீட்டுக்குப் பலகை அடிச்சிருப்பாங்க, உள்ள பூந்து செப்பு பைப்பைக் கூட உருவிட்டுப் போயிருப்பாங்க, பஸ்ல போறப்ப அதைப் பாத்துப் பாத்து எனக்கு வயித்தைப் பெசையும். ஆனா அந்தத் தெருவுலயும் நாலு வீட்டுல வெளக்கு எரியும், வாசல்ல செடி வெச்சிருப்பாங்க. செத்துப்போன ஊருன்னு சொல்றவங்க அந்த நாலு வீட்டுக்காரங்களை எந்தக் கணக்குல சேக்கறாங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல.

இப்ப உன் பாப்பா விஷயத்துக்கு வரேன், மத்ததெல்லாம் அப்புறம், இதை மட்டும் உன் சம்சாரத்தையும் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் படி. அங்க நீ பாக்கப்போற வாடகை வீடு பெரும்பாலும் மர வீடு, நூறு வருஷம் ஆனதா கூட இருக்கும், மேல ஒரு குடும்பம் கீழ ஒரு குடும்பம், முன்னாடி நம்ம திண்ணை மாதிரியே அகலமா ஒன்னு இருக்கும், பாத்தவுடனே புடிச்சுப்போயிடும். அந்தப் பழைய வீட்டுப் பெயிண்ட்டுல ஈயம் இருக்கு. நம்ம ஊருல பாத்திரத்துக்குப் பூசற ஈயம் இல்ல, அது வெள்ளீயம், இது காரீயம், விஷம். வீட்டுப் பெயிண்ட்டுல அதைக் கலக்கக்கூடாதுன்னு அமெரிக்காவுல 1978லதான் தடை போட்டாங்க, அதுக்கு முந்தி கட்டுன வீட்டுல எல்லாம் இருக்குன்னே நெனச்சுக்கோ. ஜன்னலை ஏத்தி எறக்கும்போது பெயிண்ட் உரசி மாவு மாதிரி தூசி விழும், கொழந்தை தவழ்ந்து கையை அதுல வெச்சு வாயில போடும், ருசி வேற இனிப்பா இருக்குமாம். காய்ச்சல் வராது, வாந்தி வராது, ஒன்னும் தெரியாது, மூளைக்குத்தான் கேடு, போனது திரும்பாது.

எம் பொண்ணுக்கு வந்துச்சு தம்பி. 2008ல அவளுக்கு 14 மாசம். மூனு வீடு தள்ளி இருந்த ஒரு கறுப்பினத்து அம்மா, ஓய்வு பெத்த ஸ்கூல் டீச்சர், எங்க ஜன்னலைப் பாத்துட்டு இந்தக் கொழந்தைக்கு ரத்தம் பாத்தியான்னு கேட்டாங்க. அவங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. பாத்தா ஒரு டெசிலிட்டர் ரத்தத்துல ஈயம் 11 மைக்ரோகிராம் வந்துச்சு, இப்ப அங்க 3.5க்கு மேல போனாலே கவனிக்கணும்கறாங்க. வீட்டுக்காரன் மேல ஒரு கோட்டு பெயிண்ட் அடிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டு போனை வெச்சுட்டான். நான் ராத்திரியெல்லாம் அழுதேன். வேற வீடு மாறி, ஒரு வருஷத்துல அளவு கொறஞ்சுது, இப்ப காலேஜ் போறா, நல்லாத்தான் இருக்கா, இருந்தாலும் அவ சின்னதுல கணக்குல தடுமாறும்போதெல்லாம் எனக்கு அந்த ஜன்னல்தான் ஞாபகம் வரும்.

நான் எந்த ஊர்ப் பொண்ணு, எனக்கே இது தெரியாம போச்சேன்னுதான் ரொம்ப நாள் மனசு ஆறல. நம்ம தர்மபுரிப் பக்கம் போர் தண்ணியில புளோரைடு இருந்துச்சே, பாத்தா கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும், எங்க அம்மாவுக்குப் பல்லெல்லாம் காவிக் கறை, பெரியம்மாவுக்கு முட்டி வளைஞ்சு கடைசில குச்சி ஊனித்தான் நடந்தாங்க, கொதிக்க வெச்சாலும் போகாது. ஈயமும் அப்படித்தான், தண்ணியில இருந்தா கொதிக்க வெச்சுப் போகாது. ஒகேனக்கல் தண்ணித் திட்டம் 2013ல தொறந்து காவேரித் தண்ணி வர்றதுக்குள்ள எத்தனை தலைமுறை பல்லும் எலும்பும் போச்சு, எத்தனை மனு, எத்தனை போராட்டம். அங்கயும் அதே மாதிரி ஜனங்க வீடு வீடா போயி கையெழுத்து வாங்குனாங்க, அந்த டீச்சரம்மா கூட நானும் போனேன், பனியில கை வெறச்சுப் போகும். 2019ல கிளீவ்லேண்ட் நகராட்சி சட்டம் போட்டுச்சு, 1978க்கு முந்தின வீட்டை வாடகைக்கு விடணும்னா லெட் சேஃப் சர்ட்டிபிகேட், அதாவது ஈயத்தால ஆபத்து இல்லங்கற சான்று, வாங்கணும்னு, 2021ல இருந்து படிப்படியா அமல் பண்றாங்க. வாங்காதவங்க இன்னும் நெறையப் பேர் இருக்காங்க, அதனால வீடு பாக்கப் போறப்ப மொத கேள்வியா அதைக் கேளு, காட்ட மாட்டேன்னா வெளிய வந்துடு, வாடகை கம்மின்னு மயங்காத. இது சிட்டிக்குள்ள இருக்கற சட்டம், சுத்தியிருக்கற பழைய டவுனெல்லாம் தனித்தனி நகராட்சி, அங்க சட்டம் வேற, பெயிண்ட் அதேதான். போனதும் பாப்பாவுக்கு ரத்தம் பாக்கச் சொல்லு, அங்க ஒரு வயசுலயும் ரெண்டு வயசுலயும் பாப்பாங்க. தொடப்பத்தால பெருக்காதீங்க, ஈரத் துணியால தொடைங்க. இன்னொன்னு, உங்க அம்மா சங்கடப்பட்டாலும் பரவால்ல, பாப்பாவுக்குக் கடை கண்மை வைக்க வேணாம், பாக்கெட் இல்லாம உதிரியா விக்கிற மஞ்சத்தூளும் வேணாம், அதுல எல்லாம் கூட ஈயம் கண்டுபிடிச்சிருக்காங்க.

சிட்டிக்குள்ள இருக்கலாமான்னா இருக்கலாம். எந்தத் தெருங்கறதுதான் முக்கியம், ராத்திரி ஒரு தடவை பகல்ல ஒரு தடவை நடந்து பாத்துட்டு முடிவு பண்ணு. திருட்டு, துப்பாக்கி எல்லாம் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா நம்ம ஆளுங்களே சில பேரு ஆத்துக்குக் கெழக்கால போகாத, அங்க கறுப்பினத்தவங்க இருக்காங்கன்னு சொல்லுவாங்க, அதைக் காதுல வாங்காத. எங்க ஊருல யார் எந்தத் தெருவுக்குள்ள வரலாம்னு சொல்லி வளத்த கதையை நாம பாத்திருக்கோம், அதை அங்கயும் தூக்கிட்டுப் போகணுமா. எம் பொண்ணைக் காப்பாத்துனது அந்த டீச்சரம்மாதான். தெருவுக்குத் தெரு பிளாக் கிளப்னு, அதாவது தெருக்காரங்க சங்கம்னு, கூட்டம் போடுவாங்க, வெளக்கு எரியல, குப்பை எடுக்கல, காலி வீட்டை இடிக்கணும்னு பேசுவாங்க, கவுன்சிலரும் வருவாரு, நீ ஓட்டு இல்லாதவன்னாலும் போயி உக்காரு, யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்க. பனி பேஞ்சா உன் வாசலோட நிறுத்தாம பக்கத்துல வயசானவங்க வாசலையும் சேத்துத் தள்ளிவிடு. மே நடுவுல இருந்து அக்டோபர் வரைக்கும் சமுதாயத் தோட்டத்துல பாத்தி கெடைக்கும், நான் அவரையும் மொளகாயும் போடறேன், அங்கயும் பழைய மண்ணுல ஈயம் இருக்கும்னு பலகைப் பாத்தி கட்டி புது மண்ணு கொட்டித்தான்.

மேல ஆறுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. கயஹோகான்னு ஊரு நடுவுல ஓடற ஆறு, 1969 ஜூன்ல தீப்புடிச்சு எரிஞ்சுது, எண்ணெயும் கழிவும் அவ்வளவு மெதந்துச்சு, அது மொத தடவை கூட இல்ல. அதுக்கப்புறம் நாடே பேச ஆரம்பிச்சு 1972ல தண்ணிச் சட்டம் வந்துச்சு, இப்ப அதுல மீன் இருக்கு, பசங்க படகு ஓட்டறாங்க. கெலவரப்பள்ளி அணையில நொரை பொங்கி ரோட்டு வரைக்கும் வர்றதைப் பாத்து வளந்தவன் நீ, ஒரு நாள் அந்த ஆத்தங்கரையில போயி நின்னு பாரு.

கலைக்கு எடம் இருக்கான்னு கேட்ட. மியூசியம் ஒன்னு இருக்கு, 1916ல தொறந்தது, உள்ள போகக் காசு கெடையாது, இவ்வளவு நொடிஞ்சும் இன்னைக்கு வரைக்கும் வாங்கல. அங்க சோழர் காலத்து நடராஜர் வெண்கலச் சிலை, 1930ல இருந்து அங்கதான் இருக்காரு. மொத குளிர் காலத்துல ஊரு ஞாபகம் தாங்க முடியாம நான் அவர் முன்னாடி போயி நிப்பேன். எந்தக் கோயில் மண்டபத்துல பூவும் பாலும் பாத்தவரோன்னு வருத்தமாவும் இருக்கும், இங்கயாவது இருக்காரேன்னு ஆறுதலாவும் இருக்கும், ரெண்டும் சேந்தேதான். ஒரு நாள் ஒரு பெரியவர், ஆத்தோரத்து இரும்பாலை 2001 கடைசில மூடுனப்ப வேலை போனவராம், பேரனைக் கூட்டிட்டு வந்தவர் காலடியில கெடக்கறது யாருன்னு கேட்டாரு. முயலகன், அறியாமைன்னு நான் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல சொன்னேன். அவர் அந்தப் பையனுக்குத் திருப்பிச் சொன்னாரு. மிதிக்கறாரே தவிர கொல்லலை பாருன்னு அந்தப் பையன் சொன்னான்.

கலைக்கு அங்க காசு எங்கேந்து வருதுன்னா சிகரெட்டுல இருந்து. 2006ல கிளீவ்லேண்ட் இருக்கற கவுண்டி, நம்ம மாவட்டம் மாதிரி, அங்க ஜனங்களே ஓட்டுப் போட்டு பாக்கெட்டுக்கு 30 சென்ட் வரி வெச்சாங்க, நாடகம் பாட்டு மியூசியம் எல்லாத்துக்கும் அதுல இருந்து குடுக்கறாங்க, புடிக்கிறவங்க கொறைய கொறைய பணமும் கொறஞ்சுதுன்னு 2024ல 70 சென்ட்டா ஏத்தவும் ஓட்டுப் போட்டாங்க. ஏழைங்கதான் அதிகமா புடிக்கிறாங்க, அவங்க காசுல நாம சீட்டுல உக்காந்து பாக்கறோமேன்னு எனக்கு உறுத்தும், ஆனாலும் ஓட்டுப் போட்டேன், வேற வழி யாரும் காட்டல.

தியாகராஜ ஆராதனை நீயே கேள்விப்பட்டிருப்ப, 1978ல, ஊரு கடன்ல மூழ்குன அதே வருஷம், ராமநாதபுரம் ராகவன் மிருதங்க வித்வான் ஊக்கத்துல சின்னதா ஆரம்பிச்சது, இன்னைக்கு இந்தியாவுக்கு வெளிய அவ்வளவு பெரிய கர்நாடக சங்கீத விழா இல்ல, ஈஸ்டரை ஒட்டி நடக்கும். போயி கேளு, சாப்பாடும் போடுவாங்க. எனக்கு ஒரே ஆதங்கம், எங்கெங்கயோ இருந்து வந்து பத்து நாள் பாடிட்டுப் போறவங்க, ரெண்டு தெரு தள்ளி இருக்கற ஊரைப் பாக்காமயே போயிடறாங்க. 1915லேந்து இருக்கற கராமு ஹவுஸ்னு கறுப்பினத்தவங்க நாடகக் கொட்டகை அதே ஊருலதான் இருக்கு, அதையும் பாத்துடு.

பம்பைக்கு சபா கெடையாது, ஆனா எடம் இருக்கு. எங்க அப்பா கூத்துக்காரர், துச்சாதனன் வேஷம் கட்டுவாரு. 2014 கோடைல வந்திருந்தப்ப ஒரு சாயங்காலம் திண்ணையில உக்காந்து துகிலுரி பாட்டைச் சும்மா இழுத்தாரு. டீச்சரம்மாவும் இன்னும் நாலு பேரும் வந்து நின்னாங்க, என்ன கதைன்னாங்க. சபையில ஒருத்தியைத் தலைமுடியைப் புடிச்சு இழுத்துட்டு வர்றாங்க, அத்தனை பெரியவங்களும் வாயைத் தொறக்கல, இனிமே கூந்தலை முடிய மாட்டேன்னு அவ சபதம் பண்றான்னு சொன்னேன். அந்தம்மா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் அவங்க சர்ச்சுப் பாட்டு ஒன்னு பாடுனாங்க, அப்பா தொடையில தாளம் போட்டாரு, ஒரு வார்த்தை புரியாம ரெண்டு பேரும் இருட்டற வரைக்கும் மாத்தி மாத்திப் பாடுனாங்க. அப்பா இப்ப இல்ல. அந்தம்மா என்னைப் பாக்கறப்பெல்லாம் அந்தக் கதையில அவ முடியை எப்ப முடிஞ்சான்னு கேப்பாங்க, அவ சபதம் முடிஞ்சு கூந்தலை முடியற படுகளத்தை நான் சொல்லிருக்கேன், எனக்குப் பாடத் தெரியாது.

அதனால பம்பையை எடுத்துட்டு வா தம்பி. தோலு நல்லா பதம் பண்ணுனதா இருக்கட்டும், ஏர்போர்ட்ல கேட்டா ஒளிக்காம காட்டு, அங்க ஹீட்டர் காத்துல தோலு காஞ்சு வெடிக்கும், உபரியா ரெண்டு தோலு வெச்சுக்கோ. வர்ற ஞாயித்துக்கெழமை மூனு பேரும் பாலக்கோட்டுக்கு வாங்க, எம் பொண்ணு சின்னதுல போட்ட பனி ஷூவும் கோட்டும் அம்மா பீரோவுல இருக்கு, பாப்பாவுக்குச் சரியா இருக்கும். வரும்போது பம்பையையும் தூக்கிட்டு வா, கண்ணுக் கட்டோட இருக்கறாங்க, அம்மா பம்பை கேட்டு ரொம்ப நாளாச்சு.