மசோதா பேரவைக்குப் போகும் முன்பே பேசுங்கள்: சுற்றுச்சூழல் சட்டங்கள் குறித்து வாசகர் கேள்விகள்

ஏரி, கடற்கரை, சுரங்கம் என்று பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. ஊர் வேறு, கவலை ஒன்றுதான் என்பதால் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

சட்டம் இயற்றுவது சட்டமன்ற உறுப்பினர்களின் வேலை. என்னைப் போன்ற விவசாயி அதில் எப்போது கருத்துச் சொல்ல முடியும்? (மதுராந்தகம் வாசகர்)

மசோதா பேரவைக்கு வருவதற்கு முன்பே சொல்ல வேண்டும். வந்த பிறகு நேரம் கிடைப்பது அரிது.

2023 ஏப்ரல் 21-ஐ நினைத்துப் பாருங்கள். பேரவைக் கூட்டத்தொடரின் கடைசி நாள். தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்ட மசோதா அன்று விவாதமின்றி நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் வரும் பெருந்திட்டத்துக்குள் ஏரியோ ஓடையோ வாய்க்காலோ இருந்தால், அந்த நிலத்தை எப்படி ஒருங்கிணைத்துக் கொடுக்கலாம் என்று சொல்லும் சட்டம் அது. பாசனத்தை நம்பி வாழும் ஒவ்வொரு ஊரையும் தொடக்கூடிய ஒன்று. விவசாய அமைப்புகள் கொதித்து எழுந்தபோது மசோதா நிறைவேறிவிட்டிருந்தது. ஆகஸ்டில் ஆளுநரின் ஒப்புதலும் கிடைத்தது.

அதே நாளில் நிறைவேறிய இன்னொரு மசோதா, 12 மணி நேர வேலைக்கு வழிசெய்த தொழிற்சாலைகள் திருத்தம். தொழிற்சங்கங்கள் உடனே ஒரே குரலில் எதிர்த்தன. மூன்றே நாளில் அரசு அதை நிறுத்திவைத்தது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். இரண்டு மசோதாவுக்கும் ஆட்சியும் ஒன்றுதான், பேரவையும் ஒன்றுதான். தொழிலாளர்களுக்கு ஆண்டு முழுவதும் விழித்திருக்கும் சங்கங்கள் இருந்தன; ஏரிக்கு அப்படி யாரும் இல்லை. இந்த வேறுபாடு என்னை இன்றும் உறுத்துகிறது.

மசோதாக்களை முன்கூட்டியே 30 நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று மத்திய அரசு 2014-ல் ஒரு கொள்கை வகுத்தது. அது மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது. தமிழ்நாடு இதைச் சட்டமாகவே கொண்டுவர வேண்டும், வரைவைத் தமிழில் வெளியிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை நமக்கு இருக்கும் வழிகள்: மானியக் கோரிக்கையின்போது (துறைவாரியாக நிதி ஒதுக்கப் பேரவையில் நடக்கும் விவாதம்) அமைச்சர் "சட்டம் கொண்டுவரப்படும்" என்று அறிவிக்கும் நாளிலிருந்தே துறைச் செயலாளருக்கு எழுதுங்கள். நகலை உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் நேரில் கொடுங்கள். மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு (அதை விரிவாக ஆராயும் உறுப்பினர்கள் குழு) அனுப்பக் கோரும் உரிமை உறுப்பினருக்கு உண்டு. அதைக் கோரும்படி கேளுங்கள். சட்டம் நிறைவேறினாலும் ஆட்டம் முடிந்துவிடாது. அதன் கீழ் விதிகள் வகுக்கப்படும். சட்டத்தின் பல் எத்தனை கூர்மை என்பது விதிகளில்தான் தெரியும்.

கருத்துக் கடிதத்தை எப்படி எழுதுவது? எனக்குச் சட்ட மொழி வராது. (திருவாரூர் வாசகி)

சட்ட மொழி தேவையே இல்லை, அம்மா. உங்களுக்குத் தெரிந்தது தலைமைச் செயலகத்தில் யாருக்கும் தெரியாது. அதை எழுதினால் போதும்.

என்னிடம் காட்டப்படும் கடிதங்களில் பாதி இப்படி இருக்கும்: "இயற்கையை அழிக்கும் இந்தச் சட்டத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்." உணர்வு நியாயமானது. ஆனால் கோப்பைக் கையாளும் அதிகாரி இதை "எதிர்ப்பு: ஒன்று" என்று எண்ணிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார். இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "எங்கள் பெரிய ஏரிக்கு மூன்று மடைகள், ஒரு கலிங்கு. கலிங்கு வழியும் நீர் கீழே இரண்டு ஏரிகளை நிரப்புகிறது. வரத்து வாய்க்கால் இன்னின்ன புல எண்கள் வழியே வருகிறது. வரைவில் நீர்நிலை என்பதற்கான விளக்கத்தில் வரத்து வாய்க்கால் சேர்க்கப்படவில்லை. அதைச் சேர்க்க வேண்டும்." இதற்கு அதிகாரி பதில் எழுதியே ஆக வேண்டிய நெருக்கடி வருகிறது. பின்னாளில் நீதிமன்றம் போனாலும், "அன்றே சொன்னோம், பரிசீலிக்கவில்லை" என்று காட்ட இந்தத் தாள் கையில் இருக்கும்.

புல எண்ணுக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடும் (ஊரின் நிலங்களைப் புல எண் வாரியாகச் சொல்லும் அரசுப் பதிவேடு) புலப்படமும் கேளுங்கள். அரசுப் பதிவேட்டில் வாய்க்கால் என்று இருந்து, தரையில் மேடாகிக் கிடந்தால் அதையும் எழுதுங்கள். ஒரே வாசகத்தை நகலெடுத்து நூறு பேர் கையெழுத்திடுவதைவிட, பத்துப் பேர் தங்கள் வயல், தங்கள் கிணறு பற்றித் தனித்தனியே எழுதுவது மேல். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும் கடிதம் போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் பத்திரப்படுத்துங்கள்.

வரைவு ஆங்கிலத்தில் மட்டும் வந்தால் என்ன செய்வது? (தூத்துக்குடி வாசகர்)

தமிழில் கேளுங்கள், எழுத்துபூர்வமாக. 2020-ல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை (திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும் முறையை வகுப்பது) கொரோனா ஊரடங்கு நேரத்தில் வந்தது. கருத்துச் சொல்லும் காலக்கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்த டெல்லி உயர் நீதிமன்றம், அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகள் அனைத்திலும் வரைவை வெளியிடவும் உத்தரவிட்டது. லட்சக்கணக்கில் கருத்துகள் குவிந்தன. அந்த வரைவு இறுதி வடிவம் பெறவே இல்லை. அதில் இருந்தவற்றுள் சில பின்னர் சிறு சிறு திருத்தங்களாகவும் அலுவலகக் குறிப்பாணைகளாகவும் உள்ளே வந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனவே அரசிதழைத் தொடர்ந்து பார்க்க ஊருக்கு ஒரு படித்த பிள்ளையையாவது பழக்குங்கள்.

திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும் முன் நடக்கும் பொது விசாரணைக்கு வெளியூர் ஆட்களைப் பஸ்ஸில் ஏற்றி வந்து மண்டபத்தை நிரப்பிவிடுகிறார்கள். நாங்கள் புறக்கணித்து வெளியே வந்துவிடலாமா? (கடலூர் மாவட்ட வாசகர்)

வேண்டாம். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, விசாரணை தொடங்கக் குறைந்தபட்ச எண்ணிக்கை எதுவும் தேவையில்லை. நீங்கள் எழுந்து போனாலும் விசாரணை நடந்ததாகவே கணக்கு; உங்கள் எதிர்ப்பு மட்டும் பதிவாகாது.

உள்ளே இருந்து நடைமுறையைக் கவனியுங்கள். தலைமை வகிப்பவர் மாவட்ட ஆட்சியராகவோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவரது பிரதிநிதியாகவோ இருக்க வேண்டும். 30 நாள் முன்னறிவிப்பு தந்திருக்க வேண்டும். முழு நிகழ்ச்சியும் வீடியோவில் பதிவாக வேண்டும். முடிவில் நடவடிக்கைகளின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். இந்தக் கடைசிக் கட்டத்துக்குள் பலரும் சாப்பிடப் போய்விடுகிறார்கள். போகாதீர்கள்! நீங்கள் சொன்னது அந்தச் சுருக்கத்தில் இல்லையென்றால் அங்கேயே எழுந்து சேர்க்கச் சொல்லுங்கள். பேசும்போது முதலில் ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள். பாதிக்கப்படும் ஊர்க்காரர் யார், அழைத்து வரப்பட்டவர் யார் என்பது வீடியோவிலேயே தெரிந்துவிடும்.

எனக்குச் சொந்த நிலம் இல்லை, குத்தகைதான். கருத்துச் சொல்ல எனக்கு உரிமை உண்டா?

உண்டு. பட்டா கேட்கும் விதி எங்கும் இல்லை. ஆடு மேய்ப்பவர், வலை போடுபவர், நாற்று நடப் போகும் பெண்கள் எல்லோரும் சொல்லலாம், சொல்ல வேண்டும்.

இவ்வளவு எழுதி என்ன ஆகப்போகிறது? எல்லாம் முன்பே முடிவானதுதானே! (ஒரத்தநாடு வாசகர்)

உங்கள் பகுதியையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். 2020 பிப்ரவரியில் காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நிறைவேறியது. மீத்தேன், ஹைட்ரோகார்பன் திட்டங்களுக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் ஊர்கள் நின்றதன் பலன் அது. 2023-ல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய மூன்று நிலக்கரித் தொகுதிகளை மத்திய அரசு ஏலப் பட்டியலில் சேர்த்தபோது, எதிர்ப்புக்கு அந்தச் சட்டம் துணையாக நின்றது. சில நாட்களிலேயே மூன்றும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.

குறையையும் மறைக்கக் கூடாது. 2020 பிப்ரவரி 9 அன்று முதலமைச்சர் வெளியிட்ட அறிவிப்பில் திருச்சி, கரூர், அரியலூர் மாவட்டப் பகுதிகளும் இருந்தன. பதினோரு நாள் கழித்து நிறைவேறிய சட்டத்தில் அவை இல்லை. அந்தப் பதினோரு நாளில் வரைவு மக்கள் கைக்கு வந்திருந்தால், விடுபட்ட ஊர்களின் பெயரை அந்த ஊர்க்காரர்களே எடுத்துச் சொல்லியிருப்பார்கள். ஏலப் பட்டியலில் வந்த மைக்கேல்பட்டி, சட்டத்தில் விடுபட்ட அந்த அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

கிராம சபைத் தீர்மானத்துக்குச் சட்ட மதிப்பு உண்டா? (மேலூர் பகுதி வாசகர்)

தீர்மானம் மட்டுமே ஒரு சட்டத்தையோ சுரங்கத்தையோ நிறுத்திவிடாது. ஆனால் அதற்கு மேல் அடுக்கப்படும் எல்லாவற்றுக்கும் அதுதான் அடித்தளம். அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்க ஏல விவகாரத்தில் 2024 நவம்பரில் சுற்றுவட்டார ஊர்கள் கிராம சபையில் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டப்பேரவையே எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அது உங்கள் பகுதி. என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. மார்ச் 22 உலக தண்ணீர் நாள் கூட்டம் நீர்நிலை தொடர்பான தீர்மானங்களுக்குப் பொருத்தமான நாள். முன்கூட்டியே ஊராட்சித் தலைவரிடமோ, தலைவர் பதவி காலியாக இருந்தால் தனி அலுவலரிடமோ எழுதிக் கொடுத்துக் கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். முத்திரையிட்ட நகல் ஒன்றை ஊர்ப் பொதுவில் வைத்துக்கொண்டு, இன்னொன்றைத் துறைச் செயலாளருக்கு அன்றே அனுப்புங்கள்.