குழாயை நம்பாத கீரைப்பாத்தி: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு கோயிலுக்குப் பின்னால் உள்ள சரிவில் சில குடும்பங்கள் சேர்ந்து காய்கறி போடுகிறோம். தண்ணீர் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு, கைப்பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, தினமும் சாயங்காலம் ஹோஸ் பிடிக்கிறேன். தக்காளி மத்தியானம் வாடியே நிற்கிறது. இன்னும் ஊற்றணுமா? (பீனிக்ஸ், டர்பன்)

வேண்டாம். வெயில் தாங்காமல் தொங்கும் இலை பொழுது சாய்ந்தால் நிமிர்ந்துவிடும். காலையிலும் வாடியிருந்தால்தான் தாகம். விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் ஹோஸைச் சுருட்டி வையுங்கள். தினமும் கொஞ்சம் தெளித்தால் வேர் மேலேயே படரும். வாரம் இரண்டு நாள் நிறைய விட்டால் கீழே இறங்கும். அப்புறம் மூடாக்கு, அதாவது மண்ணை மூடும் காய்ந்த இலைப்போர்வை. கரும்பு விளைகிற சீமையில் காய்ந்த கரும்புத்தோகைக்கா பஞ்சம்? நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள், தண்டை ஒட்டாமல்.

மண்பானை புதைத்தால் நல்லது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், ஆனால் என் கதையைக் கேளுங்கள். திருவிழாவில் மிஞ்சிய குடத்தைக் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடினேன். பத்து நாள் கழித்துத் திறந்தால் தண்ணீர் அப்படியே இருக்கிறது, சுற்றி வைத்த மிளகாய் நாற்றுதான் காய்ந்துவிட்டது. குடத்துக்கு அழகாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள்! பெயின்டும் மெருகும் இல்லாத பானைதான் கசியும். செடியைப் பானையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் நடுங்கள்.

குளித்த தண்ணீரை விடலாமா, ஆன்ட்டி?

வாழைக்கும் மாமரத்துக்கும் தாராளமாக விடலாம். கீரைக்கும் கிழங்குக்கும் கூடாது. அன்றைய தண்ணீரை அன்றே ஊற்றிவிடுங்கள். மறுநாள் நாற்றம் தாங்காது. பாத்திரம் கழுவிய எண்ணெய்த் தண்ணீர் வேண்டாம். சலவைத்தூள் தண்ணீர் ஒரே இடத்தில் தொடர்ந்து விழுந்தால் அதிலுள்ள உப்பு மண்ணைக் கெடுக்கும்.

மழைத்தண்ணீர் பிடிக்க ஜோஜோ பிளாஸ்டிக் டேங்க் வாங்கலாமா? நான் கேப் டவுன், ரைலண்ட்ஸ்.

கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 40 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர். சிதறல் போக 800 என்று வையுங்கள். சிக்கல் வேறு இடத்தில். டர்பனில் கோடையில்தான் மழை, செடி கேட்கும்போதே டேங்கும் நிரம்பும். உங்களுக்குக் குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி. சின்ன டேங்க் கோடை தொடங்கியதுமே காலியாகிவிடும். 2018 வறட்சியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று அளந்து வாழ்ந்தவர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? உங்கள் மணல்மண்ணில் மட்கிய உரத்தை மழைக்கு முன்பே நிறையப் போடுங்கள். ஈரம் கூடுதல் நாள் நிற்கும். டேங்க் அதற்கு அடுத்தபடிதான்.

கோயில் முன்னால் கிகுயு புல் தண்ணீரைக் குடித்தே தீர்க்கிறது.

அன்னதானத்துக்கு உட்காரும் இடத்தில் மட்டும் புல்லை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். அங்கே ஸ்பெக்பூம் குச்சி நடலாம், சதைப்பற்றுள்ள இலை கொண்ட இந்த நாட்டுச் செடிதான். வெட்டிய முனை சில நாள் காயட்டும், பிறகு நடுங்கள். வறட்சிக்குத் தாங்கும் என்று உண்ணிச்செடியை மட்டும் கொண்டுவராதீர்கள். இங்கே அது சட்டப்படி கட்டுப்படுத்த வேண்டிய களை.

முருங்கை ஜூலையில் இலை உதிர்க்கிறது.

இங்கே ஜூலை குளிர்காலம், குளிருக்குத்தான் உதிர்க்கிறது. தண்ணீர் ஊற்றி வேரை அழுகவிடாதீர்கள்.

மடும்பே வறண்ட இடத்தில் வருமா?

மடும்பே என்கிற நம்ம சேப்பங்கிழங்கு தண்ணீர்ப் பைத்தியம். டேங்க் நிரம்பி வழிகிற மூலையில் நடுங்கள். மேட்டுப் பாத்தியில் முளைக்கீரை போடுங்கள். பக்கத்து வீட்டு ஜூலு அம்மா இம்புயா என்று கேட்டு வாங்கிப் போவார்.