ஒஸ்ரின் கேம்பிரிஜ் பாகங்களில் விளக்கும் மணிக்கூடும்: கடற்காற்றுக்குத் தாக்குப்பிடிக்கச் செய்வது எப்படி?

கேள்வி: அப்பா ஓட்டிய ஒஸ்ரின் கேம்பிரிஜ் ஏ55 மார்க் 2 கார் திருத்த முடியாத நிலைக்கு வந்து, உடலைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டோம். கொன்றொட்டோடு (பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் தண்டு) நான்கு பிஸ்டன், இரண்டு ஹெட்லைற், நான்கு வீல் கப், ஒரு ரிம், முன் ஸ்பிரிங் இரண்டு, ஒரு பிறேக் ட்றம் ஆகியவற்றை எடுத்து வைத்திருக்கிறோம். விறாந்தைக்கு மேசை விளக்கு, மணிக்கூடு, சின்ன மேசை ஒன்று செய்ய விருப்பம். எல்லாவற்றையும் கோஸ்ரிக் சோடாவில் ஊறப்போட்டால் சுத்தமாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா? வீடு யாழ்ப்பாணம் குருநகரில், கடலுக்குக் கிட்ட. துரு மறுபடி வராமல் என்ன பூசுவது?
- குருநகர் வாசகர்

பதில்: கோஸ்ரிக் சோடாவை ஒதுக்கி வையுங்கள். உங்கள் பிஸ்டன்கள் அலுமினியம். அந்தக் கரைசலில் அலுமினியம் நுரைத்துக் கரையும். வெளிவரும் ஐதரசன் வாயு நெருப்புப் பற்றக்கூடியது. காலையில் எடுத்துப் பார்த்தால் பிஸ்டன் கறுத்து, சொரசொரத்து, வளையக் காடிகள் தின்னப்பட்டிருக்கும். இந்த வேலையில் பல பொருட்கள் இப்படி எல்லா உலோகத்தையும் ஒரே வாளிக்குள் போடுவதால்தான் வீணாகிறது.

ஆகவே முதலில் ஒரு காந்தத்தை எடுத்துப் பிரியுங்கள். ஒட்டினால் இரும்பு அல்லது உருக்கு: ரிம், ஸ்பிரிங், ட்றம், கொன்றொட். ஒட்டாவிட்டால் பிஸ்டன் போன்ற அலுமினியம், பித்தளை, அல்லது குரோம் பூசிய நாக (சிங்க்) வார்ப்பு. கதவுக் கைப்பிடி, சின்னம் போன்றவை பெரும்பாலும் இந்த நாக வார்ப்புத்தான். அமிலமும் காரமும் இரண்டுமே அதைத் தின்னும். அவற்றுக்குச் சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

துளை போட முன்னர் இன்னொன்று. பெற்றோல் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடி உயிர்தப்பிய ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் யாழ்ப்பாணத்தில் இன்றும் ஓடுகின்றன. நெளியாத வீல் கப்பையும் ஹெட்லைற் வளையத்தையும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான்கு வீல் கப்பில் நெளிந்த ஒன்றை மணிக்கூட்டுக்கு எடுங்கள். நல்லவற்றைத் துளைக்காமல் வையுங்கள்.

சுத்தம் செய்வது

பிறேக் ட்றத்தில் அவசரம் வேண்டாம். அந்தக் காலத்துப் பிறேக் லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் உண்டு. ட்றத்தின் உட்புறத் தூசி அதுதான். காற்றடித்து ஊதுவதும், காய்ந்தபடி கம்பித் தூரிகை போடுவதும் கூடவே கூடாது. சவர்க்காரத் தண்ணீரால் நன்றாக நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை இரண்டு பைகளில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பழைய பெயின்றிலும் ஈயம் இருக்கக்கூடும். ரிம்மைத் தேய்ப்பதென்றால் தண்ணீர்ச் சாண்ட் பேப்பரால் ஈரமாகவே தேயுங்கள்.

பிஸ்டனை ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, மூங்கில் சிம்பால் கரியைச் சுரண்டுங்கள். இரும்புத் தகடு கீறும். ஈயம் கலந்த பெற்றோல் ஓடிய இயந்திரம் என்பதால் கரியோடு சாம்பல் நிறப் படிவும் வரும். கையுறை போடுங்கள், குசினித் தொட்டியில் கழுவாதீர்கள். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த சுடுநீரில் அரை மணித்தியாலம். கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர் அல்லது பற்றறிக்கு ஊற்றும் வடிநீர். நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்து வருவது; காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி விழும், அதன்மேல் லாக்கர் அடித்தால் புள்ளி நிரந்தரம்.

கொன்றொட்டைப் பிஸ்டனிலிருந்து பிரிக்கும்போது இரண்டையும் கோக்கும் குறுக்குப் பின்னைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். இந்த இயந்திரத்தில் கொன்றொட்டின் சிறுமுனையில் ஒரு போல்ட் பின்னை இறுக்கிப் பிடித்திருக்கும். அதை முற்றாகக் கழற்றினால்தான் பின் நகரும். அடித்தால் பிஸ்டனின் பக்கச் சுவர் வெடிக்கும்.

இரும்புச் சாமான்களின் துருவுக்கு ஒரு லீற்றர் தண்ணீருக்கு 60 கிராம் சிற்றிக் அமிலம், 12 மணித்தியாலம். எடுத்தவுடன் லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் முக்கி, துடைத்து, வெய்யிலில் வையுங்கள். இந்தக் கட்டத்தில் தொலைபேசி அழைப்புக்குப் போனால் திரும்பி வரும்போது செம்மஞ்சள் துரு திரும்பியிருக்கும். ஆகவே பூச்சுச் சாமான்களை முதலே எடுத்து வையுங்கள். குரோமுக்கு அமிலம் வேண்டாம். அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்தால் மேல்துரு போய்விடும். குழி விழுந்த இடம் குழியாகவே இருக்கும். அதை மறைக்க எதுவும் இல்லை.

என்ன பூசுவது

வெறும் இரும்பின்மேல் தெளிந்த லாக்கர் அடித்து இரும்பின் நிறத்தைக் காட்டும் படங்களைப் பார்த்து மயங்காதீர்கள். கடலோரத்தில் ஒரு கீறல் போதும், அதன் வழியே உப்பு ஈரம் புகுந்து லாக்கருக்கு அடியில் புழு ஊர்ந்ததுபோல் துரு ஓடும். உரிக்காமல் அதைத் திருத்த முடியாது. ரிம், ஸ்பிரிங், ட்றம் மூன்றுக்கும் சிங்க் பொஸ்பேற் பிறைமர் இரண்டு மெல்லிய பூச்சு, அதன்மேல் மங்கல் கறுப்பு எனாமல் இரண்டு பூச்சு. பழைய சாமானுக்கு மினுக்கம் அழகும் இல்லை. கொன்றொட்டை மட்டும் இரும்பு நிறத்தில் வைக்க விரும்பினால் கெட்டி மெழுகு தேய்த்து, வாடைக்கு முன் ஒரு தடவையும் மழை முடிந்தபின் ஒரு தடவையும் புதுப்பியுங்கள். அலுமினியப் பிஸ்டனுக்குத் தெளிந்த லாக்கர் சரி.

பெயின்ற் வேலைக்கு மாசி, பங்குனி நல்லது. சோளகம் வீசும்போது வெளியில் அடித்தால் ஈரப் பெயின்றில் புழுதி ஒட்டும். மாரியில் அடித்தால் ஈரப்பதத்தால் லாக்கர் பால்போல் வெளுக்கும்.

பிஸ்டன் விளக்கு

பிஸ்டனைத் தலைகீழாக வைத்து, கொன்றொட்டை நிமிர்த்தி, அதன் பெருமுனையில் ஹோல்டரைப் பூட்டுவதுதான் வழமை. இரண்டு இடத்தில் சிக்கல் வரும். ஒன்று, அடி வெறும் 73 மில்லிமீற்றர் அகலம். மேலே ஒரு கூடு வைத்ததும் விழும். 18 செ.மீ. சதுரமும் 4 செ.மீ. தடிப்பும் கொண்ட மரத்தில் பூட்டுங்கள். இடித்த வீட்டுப் பழைய பனஞ்சிலாகை கிடைத்தால் பக்கம் பக்கமாக ஒட்டிப் பாவிக்கலாம். சிராம்பு ஏறும், ஆகவே துளைக்கு முன்னும் பின்னும் ரேப் ஒட்டுங்கள். பிஸ்டன் தலையில் 6.5 மி.மீ. துளை இரண்டு போட்டு, மரத்தின் அடியிலிருந்து 6 மி.மீ. போல்ட்.

மற்றது, கொன்றொட் பின்னில் ஆடிச் சரிவது. சிறுமுனைப் போல்டை மறுபடி இறுக்கினால் போதும் என்று நினைப்பார்கள். அப்போது பின் கொன்றொட்டோடு சேரும், ஆனால் பிஸ்டனுக்குள் சுழலும். பின் உட்காரும் துளையை அசற்றோனால் துடைத்து, இரண்டு பாகப் பசையான அரால்டைற் வைத்துப் பூட்டி 24 மணித்தியாலம் விடுங்கள். எண்ணெய் மிச்சம் இருந்தால் பசை பிடிக்காது. அதற்காகத்தான் மேலே சொன்ன சுடுநீர்க் குளியல். அலுமினியத்தில் உருக்குப் போல்ட் தொடும் இடத்தில் உப்புக் காற்றுக்கு வெள்ளைத் தூள் பூக்கும். நைலோன் வொஷரும் கொஞ்சம் கிறீசும் போடுங்கள்.

மின்சாரம்: 230 வோல்ற்றை உலோக உடலுக்குள் கொண்டுபோனால் மூன்று கம்பி வயர் கட்டாயம், பூமிக் கம்பியை, பெயின்றைச் சுரண்டிய இடத்தில் பல் வொஷரோடு கொன்றொட்டுக்கே பூட்ட வேண்டும். 0.75 சதுர மி.மீ. வயர், துளைகளில் ரப்பர் வளையம், சதுரப்பின் பிளக்கில் 13 அம்பியர் பியூசுக்குப் பதில் 3 அம்பியர். இதைச் செய்து பழக்கமில்லாதவர் மின்வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். எங்கள் விருப்பம் 12 வோல்ற்று. அடப்ரர் சுவரோடு நிற்கும், விளக்கின் உடலுக்குள் போவது ஆபத்தில்லாத மின்னழுத்தம்.

ஹெட்லைற்றுக்கும் அதுவே பொருத்தம். கார் 12 வோல்ற்றுக் கார்தான். 5 வாற் எல்.ஈ.டி. போதும். ஒரு கவனம்: இந்தக் கார்களில் உடலோடு இணைந்திருப்பது பற்றறியின் நேர்முனை, இன்றைய கார்களுக்கு எதிர்மாறு. பழைய ஹோல்டரைப் பாவித்து எல்.ஈ.டி. எரியாவிட்டால் மின்குமிழ் பழுதென்று எறியாமல் வயரை மாற்றிப் பூட்டிப் பாருங்கள். உள்ளிருக்கும் வெள்ளிப் பூச்சைத் துடைக்கப் போகாதீர்கள், துணியோடு வந்துவிடும்.

மணிக்கூடு

பிஸ்டனில் மணிக்கூடு வைக்க நினைத்திருந்தால் விடுங்கள். கடையில் கிடைக்கும் குவாட்ஸ் இயந்திரம் 56 மி.மீ. சதுரம், மூலைக்கு மூலை 79 மி.மீ. பிஸ்டனின் வெளி விட்டமே 73. வீல் கப்தான் சரி. துளையிடும் இடத்தில் ரேப் ஒட்டி, பின்னால் மரத்துண்டு கொடுத்து, முன்பக்கமிருந்து 3 மி.மீ., பிறகு 8 மி.மீ. பின்பக்கமிருந்து துளைத்தால் குரோம் செதிள் செதிளாக எழும்பும். துளையின் விளிம்பில் நிறமற்ற நகப்பூச்சு ஒரு துளி. துரு முதலில் தொடங்கும் இடம் அதுதான். வீல் கப் நடுவில் புடைத்திருப்பதால் முட்கள் விளிம்பிலிருந்து விலகி நிற்கும். பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு நேரம் பிசகித் தெரியும். கண் மட்டத்தில் மாட்டுங்கள்.

மேசை

ஸ்பிரிங் இரண்டை வைத்து மேசைக்கால் செய்யாதீர்கள். கால் மூன்றாவது வேண்டும் என்பது ஒருபுறம். ஸ்பிரிங் பக்கவாட்டில் ஆடும். ஆட்டத்தை நிறுத்த ஒட்டுக்கடைக்குக் கொண்டுபோனால், வெல்டிங் சூட்டில் ஸ்பிரிங் உருக்கு நொறுங்கும் தன்மையாகி, பிறகொரு நாள் ஒட்டுக்குப் பக்கத்தில் வெடிக்கும். வார்ப்பிரும்பு ட்றத்துக்கும் சாதாரண வெல்டிங் குச்சி பிடிக்காது. ஸ்பிரிங்கை நிமிர்த்தி மரத்தில் யூ போல்ட்டால் பூட்டி, நடுவில் ஒரு மின்குமிழ் வைத்தால் நல்ல தரை விளக்கு.

மேசைக்கு ரிம் போதும். ரிம்மைக் காரோடு பூட்டும் நான்கு ஸ்ரட் துளைகளில் மரச் சிலுவையொன்றைப் பெரிய வொஷரோடு பூட்டி, சிலுவையின் முனைகள் ரிம் விளிம்புக்கு வெளியே வரவிட்டு, நான்கு காலும் அங்கே. மொத்த உயரம் 40 செ.மீ. கிட்ட வந்தால் கதிரைக்குப் பொருந்தும். காரோடு வந்த போல்ட்டுகளைப் பாவிப்பதானால் நட்டும் அதே இனமாக இருக்கவேண்டும்: இவை அங்குலக் கணக்கிலான யூ.என்.எவ். புரி. 5/16 அங்குலப் போல்ட்டில் 8 மி.மீ. நட் முதல் சுற்று ஏறுவதுபோல் ஏறி, பிறகு இறுகிப் புரியைக் கெடுக்கும்.

மேல் கண்ணாடி 8 மி.மீ. ரெம்பேட் (சூடாக்கி உறுதியாக்கியது), 55 செ.மீ. விட்டம், நிறை 5 கிலோவுக்குக் கிட்ட வரும். சும்மா தூக்கி வைத்தால் ஓரத்தில் பிள்ளை கையூன்றியதும் மறுபக்கம் எழும்பும். ரிம் விளிம்பில் நான்கு இடத்தில் தெளிந்த சிலிக்கோன் வைத்து ஒட்டி ஒருநாள் விடுங்கள். ரெம்பேட் கண்ணாடியைச் செய்தபின் வெட்டவோ துளைக்கவோ முடியாது, முயன்றால் முழுவதும் தூளாகும். ஆகவே காலெல்லாம் பூட்டி நிறுத்திய பிறகு அளந்து, விளிம்பு தீட்டித் தரச்சொல்லிக் கேளுங்கள்.