தக்கலையில் பி.எட். கற்பித்தல் பயிற்சி. கணக்கு வகுப்பில் நடக்கும் பேச்சை எப்படி ஆராய்வது?

முழுப் பாடவேளையையும் எழுத வேண்டாம். பத்து நிமிடப் பேச்சை எழுதவே ஒரு மணி நேரம் ஓடிவிடும். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி ஒலிப்பதிவு செய்யுங்கள். பேச்சு சூடுபிடித்த பகுதியை மட்டும் எடுத்து, யார், என்ன சொன்னார், எத்தனை நொடி மௌனம் என்று மூன்று நெடுவரிசைகளாக எழுதுங்கள்.

பலரும் மௌனத்தை விட்டுவிடுகிறார்கள். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ அறிவியல் வகுப்புகளில் அளந்தபோது ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் ஒரு நொடி அளவே காத்திருந்தனர். மூன்று நொடியானதும் பதில்கள் நீண்டன. கணக்கிலும் அளந்து பாருங்கள்.

பிறகு கேள்வி, பதில், ‘சரி/தப்பு’ என்ற சுற்றுகளை எண்ணுங்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் ஹியூ மெஹான் 1979-இல் விவரித்த அமைப்பு இது. உதாரணத்துக்கு ஒரு கேள்வி: தோவாளைப் பூச்சந்தையில் வாங்கிய பிச்சிப்பூவில் 0.35 கிலோ கூடுதலா, 0.4 கிலோவா? “0.35” என்பான் ஒருவன், 35 நாலைவிடப் பெரிதாச்சே! “தப்பு, அடுத்தவன் சொல்லு” என்றால் அந்த யோசனை பதிவிலேயே வராது. “எப்பிடி மக்களே கண்டுபிடிச்ச?” என்றால் வரும்.

கோரஸ் பதிலுக்குத் தனிக் குறி போடுங்கள். நாலு பேர் கத்தினாலும் வகுப்பே சொன்னதாகக் கேட்கும். “புரிஞ்சுதா?”வுக்கு வரும் “ஆமா சார்” சான்றே அல்ல.