சூடேறினால் நிண்டுபோற கொரோல்லா 110

உங்கட ரொயோட்டா கொரோல்லா 110 கார், பிளக்கும் பெற்றோல் பில்டரும் மாத்தியும், கிளிநொச்சிக்கு ஓடேக்க பரந்தனுக்குக் கிட்ட எஞ்சின் நிண்டுபோகுது, இருபது நிமிசம் ஆறவிட்டால் ஸ்ரார்ட் ஆகுது எண்டு எழுதியிருக்கிறியள். இனி ஒரு சாமானும் வாங்காதேங்கோ. ஆறினாப்பிறகு ஓடுறதெண்டால் சந்தேகம் முதலில இக்னிசன் (பிளக்கில பொறி வரவைக்கிற) பக்கம்தான்: கூடின வோல்ற் குடுக்கிற இக்னிசன் கொயில், அதுக்குக் கரண்டை விட்டு நிப்பாட்டுற இக்னைற்றர், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரிச்சு அனுப்புற டிஸ்ரிபியூட்டருக்குள்ள இருந்து எஞ்சின் சுத்துறதை உணருற பிக்கப் கொயில். சூட்டில உள்கம்பி விரிஞ்சு தொடர்பு அறும்.

அடுத்தமுறை நிக்கேக்க ஆர்பிஎம் (எஞ்சின் சுத்துற வேகம்) முள்ளைப் பாருங்கோ. கார் கியரில உருண்டுகொண்டிருக்கவே முள்ளு பொத்தெண்டு பூச்சியத்துக்கு விழுந்தால் இக்னிசன் பக்கம். இழுத்து இழுத்து, திக்கித் திணறி நிண்டால் பெற்றோல் பக்கம்.

ஆறமுதல் சோதிக்கவேணும், அதுதான் முக்கியம். ஒரு பிளக் வயரில உதிரிப் பிளக்கைப் போட்டு, எஞ்சின் இரும்பில தொடவைச்சு, ஸ்ரார்ட்டரைச் சுத்தச் சொல்லுங்கோ. கையால பிடிக்கவேண்டாம், பெற்றோல் கசிவு இருந்தால் செய்யவே வேண்டாம். பிளக் முனையில நெருப்புப்பொறி பறக்குதோ எண்டு பாருங்கோ. பொறி இல்லையெண்டால், பொனட்டுக்குள்ள பிழை பார்க்கிற டயக்னோசிஸ் பெட்டியில ரீஈ1 (TE1), ஈ1 (E1) எண்ட முனை இரண்டையும் வயரால இணைச்சு, எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஓனில வையுங்கோ. செக் எஞ்சின் லைற் 12 (ஒருக்கா மின்னி, கொஞ்சம் நிண்டு, இரண்டு தரம் மின்னுறது) அல்லது 13 எண்டு மின்னினால் பிக்கப் கொயில் சிக்னல், 14 எண்டால் இக்னைற்றர், கொயில் வழி.

பொறி நல்ல நீலமாய் வந்தால் அதே பெட்டியில எஃப்பி (FP), +பி (+B) முனை இரண்டையும் இணையுங்கோ, சாவி ஓனில இருக்கட்டும். பின்சீற்றடியில பெற்றோல் பம்ப் இரையவேணும். இரைஞ்சால் பம்புக்குக் கரண்ட் விடுற ரிலேயைப் பாருங்கோ. இரையாட்டில் பம்ப் அல்லது அதின்ரை வயர்.

ஓடேக்க நிண்டால் சாவியை லொக்குக்குத் திருப்பாதேங்கோ, ஸ்ரியறிங் பூட்டிப்போடும். பிரேக்கும் இரண்டு மூண்டு மிதிக்குப் பிறகு இறுகிவிடும், ஒரே மிதியாய் மிதிச்சு ஓரங்கட்டுங்கோ.